காஜா பெராங்கிலிருந்து இருபத்தாறு மைல் செம்மண்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஏழாவது மாதம் நான் மலாக்காவுக்குப் போனேன். கோட்டையைப் பார்க்கவோ கடற்கரையில் காற்று வாங்கவோ போகவில்லை. சைக்கிள் ஓட்டப் போனேன். அடுத்த வருஷமும் இந்தப் பந்தயம் நடக்கும் என்கிறார்கள். எங்கள் பக்கத்து இளைஞர்கள் நாலைந்து பேர் எப்படிப் போவது, எங்கே தங்குவது, பாதை எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது சுலபம்.

முதலில் என்னைப் பற்றி. சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெஸ்ஸர். அதாவது தோட்ட ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கலக்கி, காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன். தோட்டத்தில் மூன்று பிரிவுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு மைல் செம்மண் பாதை. ஐந்து வருஷமாக, மழையோ வெயிலோ, மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அதில் மிதிக்கிறேன். நான் எடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

ஒரு நாள் மருந்துப் புட்டி சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் அறிவிப்பைப் பார்த்தேன். மலாக்கா காஜா பெராங்கில் குன்றுப் பாதை சைக்கிள் பந்தயம், அமெச்சூர்களுக்கு மட்டும், தூரம் இருபத்தாறு மைல், கட்டணம் இரண்டு வெள்ளி. முதல் பரிசு புத்தம் புதிய ஆங்கில ரேஸ் சைக்கிள். பழைய தாளாக இருக்குமோ என்று தேதியைப் பார்த்தேன். பந்தயத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அன்றே மணியார்டர் அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன். எங்கள் வட்டாரத்தில் அவசரகாலக் கட்டுப்பாடு இன்னும் போகவில்லை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ஒரு பிஸ்கட்கூடக் கொண்டுபோக விட மாட்டார்கள். ஆகவே வீட்டிலேயே வயிறு முட்டப் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். சிகாமட்டில் 8.10 ரயில். தம்பின் வரை மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு வெள்ளி எண்பது காசு. சைக்கிளைக் கார்டு பெட்டியில் ஏற்ற ஐம்பது காசு. சைக்கிளில் பெயர் எழுதிய அட்டையைக் கட்டச் சொல்வார்கள். நூல் அவர்களிடம் இருக்காது, நீங்களே கொண்டுபோங்கள்.

தம்பினில் இறங்கும்போது மணி 10.40. அங்கிருந்து மலாக்காவுக்கு ரயில் கிடையாது. முன்பு இருந்த தண்டவாளத்தை ஜப்பான்காரன் காலத்தில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் இருக்கிறது. சைக்கிளைக் கூரையில் போட்டுத் தருவார்கள். ஆனால் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறவன் பஸ்ஸில் போய் இறங்குவது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இருபத்து நாலு மைலையும் மிதித்தேன். நல்ல தார் ரோடு. அலோர் காஜாவில் ஒரு கோப்பிக் கடையில் நின்று, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டேன். மலாக்காவில் கட்டுப்பாடு எடுத்து வருஷக்கணக்கு ஆகிறது. சாப்பாட்டுப் பொருளை எல்லாரும் பார்க்க ரோட்டில் தொங்கவிட்டுக்கொண்டு போவது எவ்வளவு பெரிய சுகம் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் புரியும்.

காஜா பெராங்கை அடைந்தபோது ஒன்றரை மணி. ஊருக்கு வடக்கே, டவுனோடு ஒட்டிய இடம். வெளியூர்ப் போட்டியாளர்களைப் பந்தயக் கமிட்டியே பக்கத்து வீடுகளில் தங்க வைத்திருந்தது. எனக்குக் கிடைத்தது நடராஜா என்பவர் வீடு.

பலகை வீடு. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி படங்களுக்கு முன்னால் விளக்கு. நம்மவர் வீடு என்று சந்தோஷப்பட்டு, “வணக்கம், நான் சிகாமட்டிலிருந்து வர்றேன்” என்றேன். நெற்றியில் விபூதியோடு வெளியே வந்த அவர் மனைவி சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னார். கட்டியிருந்தது மலாய்ப் பெண்களின் சாரோங், கெபாயா. இவர்கள் செட்டி சமூகத்தார். பல நூறு வருஷத்துக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் சந்ததி. சாமி நம்முடையது, பேச்சு மலாய். நடுவே தம்பி, மாமா, விபூதி என்று சில தமிழ்ச் சொற்கள் வந்து விழும். அவர்கள் சொன்னதை நான் இங்கே தமிழாக்கியே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த மலாய் சந்தை மலாய்தான். அது போதுமானதாக இருந்தது.

நடராஜாவுக்கு முப்பத்து நாலு வயது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். உயரம் இல்லை. கெண்டைக்கால் மட்டும் மரத்தில் செதுக்கியதுபோல இருந்தது. ரொட்டி வியாபாரம். அவருடைய சைக்கிளில் இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, பின்னால் ஒரு பெரிய பெட்டி, முன்னால் ரப்பர் ஊதல். தினமும் விடியற்காலையில் கிளம்பி, புக்கிட் ரம்பாய் தோட்டங்கள் வரை போய்ச் சுற்றி வருவாராம். இருபத்திரண்டு மைல். பதினேழு வருஷமாக.

“நானும் பேர் குடுத்திருக்கேன், தம்பி” என்றார். “பெட்டி இல்லாம ஓட்டினா எப்படி இருக்கும்னு பார்க்கணும்.”

அன்று சாயந்திரம் ஜாலான் பெண்டஹாராவுக்குப் போய்ப் பரிசு சைக்கிளைப் பார்த்தேன். புடவைக் கடைகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் கடையின் கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தார்கள். கரும்பச்சை நிறம், வளைந்த ஹேண்டில்பார், பின் சக்கரத்தில் சின்னதும் பெரியதுமாக ஐந்து பல்சக்கரங்கள். கடைக்காரர், “சும்மா பாத்தா போதுமா? தூக்கிப் பாருங்க” என்று கதவைத் திறந்துவிட்டார். ஒரு கையால் தூக்கினேன். என் வண்டியில் பாதி கனம்கூட இல்லை. அதில் எங்கள் மூன்றாம் பிரிவு மேட்டில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அது என்னுடையது என்று மனசு முடிவு கட்டிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பி வரும் வழியில் அதற்கு எந்த நிறத்தில் சீட் உறை தைப்பது என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு நடராஜா என்னையும் கூட்டிக்கொண்டு ரொட்டி விற்கக் கிளம்பினார். “பாதையையும் பார்த்த மாதிரி ஆச்சு” என்றார். ஏழு மைல் ரோடு. தென்னை, வயல், பிறகு ரப்பர். அவருடைய ஊதல் சத்தம் கேட்டதும் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வருவார்கள். யார் வீட்டுக்கு எத்தனை ரொட்டி, யாருக்கு ஓரம் வெட்ட வேண்டும், யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டில் என்னைக் காட்டி, “இவர் டிரெஸ்ஸர், பிள்ளையைக் காட்டுங்க” என்றார். காட்டினார்கள். சாதாரணச் சளி. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மா எனக்கு ஒரு கோப்பை கோப்பி கொடுத்தார்.

அங்கேதான் முனியாண்டியைச் சந்தித்தேன். புக்கிட் ரம்பாய் தோட்டத்து ஆள். வெட்டுக்காடுகளில் சேரும் ரப்பர் பாலை வாளிகளில் வாங்கி, சைக்கிளில் கட்டி ஸ்டோருக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அவரும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

“என்னா டிரெஸ்ஸரய்யா, நம்ம ரொட்டிக்காரரு வீட்லயா தங்கியிருக்கீங்க?” என்று சிரித்தார். “போச்சு லா. அவரு உங்களுக்கு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துருவாரு. அப்புறம் எங்களுக்கு என்னா மிச்சம்?”

அவர் சொன்னது சரி. கடைசி ரொட்டி விற்றதும் நடராஜா பெட்டிகளைக் கழற்றி முனியாண்டி வீட்டில் வைத்துவிட்டு, என்னைக் குன்றுக்கு அழைத்துப் போனார். பந்தயத்தில் இந்தக் குன்றை மூன்று முறை சுற்ற வேண்டும். ஒரு சுற்று நாலு மைல். முதலில் ரப்பர் மரங்களுக்கு நடுவே மண் பாதையில் ஏற்றம். உச்சிக்குக் கீழே அறுபது கஜம் யாராலும் மிதிக்க முடியாத செங்குத்து. அப்புறம் இறக்கம், மரத்தின் வேர்கள், ஒரு பெரிய வடிகால். அதன் மேல் இரண்டு பலகை போட்டிருந்தது.

“இடது பலகையில் போ” என்றார். “வலது பலகை காய்ந்தது மாதிரி தெரியும். அதில்தான் பாசி.”

செங்குத்தில் இறங்கித் தள்ளக் கூடாது, தூக்க வேண்டும் என்றார். தோளில் துண்டை மடித்து வைத்து, அதன் மேல் சைக்கிளைப் போட்டுக்கொண்டு ஏறிக் காட்டினார். இறக்கத்தில் எந்த வேரைத் தாண்டிப் பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கவே கூடாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்குப் புரியவில்லை என்று பட்ட இடத்தில் என்னைத் திரும்பவும் ஏறி வரச் சொல்லி இறங்க வைத்தார். நாளைக்கு எதிரே ஓடப்போகிறவனுக்கு இதையெல்லாம் யாராவது சொல்வார்களா? நான் அவர் இடத்தில் இருந்தால் பாசிப் பலகையைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டேன்.

மாலை நாலு மணிக்கு, பந்தயம் தொடங்கும் திடலில் எண் அட்டை வாங்கப் போனேன். எனக்குப் பதினெட்டு. கமிட்டிச் செயலாளர் ஒரு தமிழர். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பென்சிலைக் காதில் செருகியிருந்தார். என்னைத் தனியாக அழைத்தார்.

“நீங்க நடராஜா வீட்லதானே தங்கியிருக்கீங்க? அவர்கிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க. நாலாவது விதி இருக்கு. சைக்கிளை வச்சுச் சம்பாதிக்கிறவங்க அமெச்சூர் இல்ல. அவர் ரொட்டி விக்கிறவரு. நாளைக்குக் காலையில பேர் வாசிக்கும்போது அவர் பேரை எடுத்துடப் போறோம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க காலைப் பார்த்தாலே தெரியுது. அவர் இல்லேன்னா நீங்கதான்” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. விதிப் புத்தகத்தை நம்பிய மனிதர். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. கண்ணாடிக்குள் இருந்த பச்சை சைக்கிள்தான் வந்தது. திடலிலிருந்து வீட்டுக்கு அரை மைல். அந்த அரை மைலும் சந்தோஷமாகத்தான் நடந்தேன். வாசலுக்கு வந்ததும் அது நின்றுவிட்டது.

நடராஜா என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மட்கார்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இது இருந்தா ஈர மண் உள்ளே அப்பிக்கிட்டு சக்கரம் சுத்தாது” என்றார். “காத்தையும் நாளைக்குக் காலையில் பாதி எறக்கிடு. டயர் மெத்துனு இருந்தாத்தான் மண்ணைப் பிடிக்கும்.”

சாப்பாட்டுக்கு அன்னாசி போட்ட மீன் குழம்பும், மிளகாயோடு இறால் விழுது இடித்த சம்பல் பெலாச்சானும். அவர் மனைவி தேவி அக்கா, “மாக்கான், மாக்கான்” என்று சாப்பிடச் சொல்லித் தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார். நடராஜா நாளைக்கு எந்தச் சட்டை போடுவது என்று மனைவியிடம் கேட்டார். வெள்ளையா, நீலமா? வெள்ளை என்று முடிவாயிற்று. நான் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். களைப்பு என்று சொல்லி எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். கூரையில் மழை பெய்யத் தொடங்கியது கேட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திடலில் முப்பத்தொரு பேர். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இருந்தோம். விதவிதமான சைக்கிள்கள். ஒருவர் முன்னால் கூடையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். சுற்றிலும் காஜா பெராங் மக்கள். நடராஜா வெள்ளைச் சட்டையில், மடித்த துண்டோடு நின்றார்.

செயலாளர் பெயர்களை வாசித்தார். ஏழு வந்தது. எட்டு வந்தது. “ஒன்பதாம் எண், நடராஜா. நாலாவது விதிப்படி நீக்கப்படுகிறது” என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்லிவிட்டு, தலையைத் தூக்காமல் பத்தாம் எண்ணுக்குப் போனார்.

கூட்டத்தில் சத்தம் எழுந்து அடங்கியது. நடராஜா கையைப் பின்னால் கொண்டுபோனார். முதுகில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றி, மடித்து, செயலாளரின் மேசையில் வைத்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

“இது கெட்டியான துண்டு. உன்னோடது மெல்லிசு” என்றார். “இடது பலகை. மறந்துடாதே.”

நான் அதுவரை எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசினவன் இல்லை. தோட்டத்தில் துரைக்கு முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தத் துண்டு தோளில் விழுந்த பிறகு சும்மா நிற்க முடியவில்லை.

“சார்” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “நான் தோட்டத்துல மாசம் அஞ்சு வெள்ளி சைக்கிள் படி வாங்குறேன். சைக்கிள் இல்லேன்னா எனக்கு அந்த வேலையே இல்ல. அவர் அமெச்சூர் இல்லேன்னா நானும் இல்ல. என் பேரையும் எடுத்துடுங்க.”

செயலாளர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். “மிஸ்டர் ராகவன், அது வேற, இது வேற…”

“என்னா வேற?” பின்னாலிருந்து முனியாண்டியின் குரல். “நான் பால் வாளியை சைக்கிள்ல கட்டி இழுக்கிறவன் லா. எனக்கும் அதுதானே சம்பளம்? என்னையும் எடுத்துடுங்க சார்.”

ஒரு சீன இளைஞர் தான் ஐஸ் கட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன் என்று மலாயில் சொன்னார். கடிதம் கொண்டுபோகிற ஒரு மலாய்க்காரர் கையைத் தூக்கினார். கூடையைக் கழற்றாத ஆள் தன் கூடையையே தட்டிக் காட்டினார். செயலாளர் எண்ணிப் பார்த்தார். முப்பத்தொரு பேரில் பதினாலு பேர்.

“நீங்க எல்லாரும் போயிட்டா நான் யாரை வச்சுப் பந்தயம் நடத்துறது?” என்றார். உண்மையாகவே கேட்டார்.  கமிட்டிக்காரர்கள் மரத்தடியில் போய்ப் பேசினார்கள். ஏழரைக்குத் தொடங்க வேண்டிய பந்தயம் இருபது நிமிஷம் தாமதம். செயலாளர் திரும்பி வந்து, சைக்கிள் பந்தயத்தில் பணம் சம்பாதிப்பவருக்குத்தான் நாலாவது விதி பொருந்தும், சைக்கிளில் போய் வேலை பார்ப்பவருக்கு இல்லை என்று அறிவித்தார். ஒன்பதாம் எண் அட்டையை அவரே எடுத்துக்கொண்டு போய் நடராஜாவின் முதுகில் குத்திவிட்டார். அந்த மனிதர் மீது எனக்கு அப்போது மரியாதை வந்தது. விதிப் புத்தகத்தை நம்புகிறவர்கள் எல்லாரும் கூட்டத்துக்கு முன்னால் அதை இன்னொரு முறை படித்துப் பார்ப்பதில்லை.

துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். நடராஜா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

முதல் ஏழு மைல் ரோட்டில் எல்லாரும் கும்பலாகவே போனோம். குன்றுக்குள் நுழைந்ததும் கும்பல் சிதறியது. ராத்திரி மழையில் செம்மண் பிசைந்த மாவு மாதிரி ஆகியிருந்தது. மட்கார்டோடு வந்தவர்களின் சக்கரம் அரை மைலுக்குள் இறுகிப்போய் நின்றது. குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார்கள். நானும் நடராஜாவும் முனியாண்டியும் முன்னால் போய்விட்டோம். ஞாயிற்றுக்கிழமையும் பால் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டுக்காரர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “ரொட்டி! ரொட்டி!” என்று கத்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் அது எனக்கென்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

இரண்டாம் சுற்றில் முனியாண்டி வேரில் தட்டி விழுந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். “போங்க டிரெஸ்ஸரய்யா, ஒண்ணும் இல்ல, கட்டை வெரல்தான்” என்று கையை ஆட்டினார். மூன்றாம் சுற்றில் செங்குத்து ஏறும்போது நான் பின்தங்கினேன். எனக்கு மேலே பத்தடியில் நடராஜா சைக்கிளைச் சுமந்துகொண்டு ஏறினார். ஒவ்வோர் அடிக்கும் “முருகா, முருகா” என்று சொன்னது கேட்டது. நானும் சொல்லிப் பார்த்தேன். மூச்சுக்கு ஒரு கணக்குக் கிடைத்தது. இறக்கத்தில் நான் அவரை முந்தினேன். அவர் காட்டிய வேரில் பிரேக் பிடித்து, அவர் சொன்ன பலகையில் போய், அவரையே முந்தினேன்.

கடைசி ஏழு மைல் எதிர்க்காற்று. இரண்டே பேர். ஒருவர் முன்னால் போய்க் காற்றைத் தாங்குவதும் மற்றவர் பின்னால் ஒதுங்கி இளைப்பாறுவதுமாக, பேசி வைத்துக்கொள்ளாமலே மாறி மாறிப் போனோம். அவர் ஒரு முறைகூட முறை தவறவில்லை. காஜா பெராங் வந்ததும் கூட்டத்தின் சத்தம் காதை அடைத்தது. திடலுக்குத் திரும்பும் வளைவில் நான்தான் முன்னால். எழுந்து நின்று மிதித்தேன். கோட்டுக்கு முப்பது கஜம் இருக்கும்போது வெள்ளைச் சட்டை என் வலது பக்கத்தில் வந்தது. அது வெள்ளையாகவே இல்லை, முழுக்கச் செம்மண். ஒரு சைக்கிள் நீளத்தில் அவர் ஜெயித்தார். நேரம் இரண்டு மணி இருபத்திரண்டு நிமிஷம்.

புல்லில் விழுந்து கிடந்தபோது, காலையில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பச்சை சைக்கிள் எனக்கு என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிஷம் நன்றாக வலித்தது. அப்புறம் நடராஜா தள்ளாடிக்கொண்டே வந்து என் பக்கத்தில் மல்லாந்தார். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தோம். எதற்கு என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. வலி அதோடு போயிற்று. எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு மேசைக் கடிகாரம். கட்டை விரலில் நான் போட்ட கட்டோடு வந்து முனியாண்டி நாலாவது பரிசு வாங்கினார்.

மத்தியானம் சாப்பிடும்போது மனசைத் திறந்துவிட்டேன். “அண்ணே, உங்க பேரை எடுக்கப் போறாங்கன்னு எனக்கு நேத்துச் சாயந்திரமே தெரியும். நான் சொல்லல.”

“உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்” என்றார். “நேத்து நீ சோத்தைப் பார்த்துச் சாப்பிடல, மீன் முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தே. எனக்கு வியாழக்கிழமையே சேதி வந்திடுச்சு. கமிட்டியில் ஒருத்தர் என்கிட்ட தினம் ரொட்டி வாங்குறவர்.”

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். “அப்போ சனிக்கிழமை எனக்குப் பாதை காட்டினது?”

“பதினேழு வருஷமா நான் ஓட்டுற பாதை அது. நான் ஓட முடியாதுன்னா, அதைத் தெரிஞ்ச இன்னொருத்தனாவது ஓடட்டுமேன்னு நினைச்சேன்.” சம்பலை என் பக்கம் தள்ளினார். “ஆனா பேர் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு ஆசை. அதுக்குத்தான் வெள்ளைச் சட்டை.”

தேவி அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, அந்தச் சட்டை இனிமேல் வெளுக்காது என்று மட்டும் சொன்னார்.

மாலையில் தம்பினுக்கு பஸ்ஸில்தான் போனேன். கால் மறுத்துவிட்டது. பஸ்ஸுக்கு ஒரு வெள்ளி இருபது காசு, சைக்கிளுக்கு நாற்பது. சைக்கிளைக் கார்டு பெட்டியில் ஏற்றிய ஸ்டேஷன் போர்ட்டர் சேற்றைப் பார்த்து, “பந்தயமா? ஜெயிச்சீங்களா?” என்று கேட்டார். “ரெண்டாவது” என்றேன். “மொத ஆளு யாரு?” என்றார். ரயில் வர இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. நடராஜாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ரயில் வந்த பிறகும் எனக்குச் சொல்ல மிச்சம் இருந்தது. என்னைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது கிம்மாஸ் தாண்டித்தான் உறைத்தது.

அதற்கு முன் எனக்குத் தெரிந்த பந்தயம் தோட்ட விளையாட்டு விழாதான். அங்கே எவன் ஜெயித்தான் என்பது ஒன்றுதான் பேச்சு. நம்மைத் தோற்கடிக்கக்கூடியவர் பக்கத்தில் இல்லாமல் வாங்கும் பரிசு வெறும் சாமான்தான் என்பதை மலாக்காவில் தெரிந்துகொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள், ஒரு நாள் பாதையைப் பார்க்காமல் ஓடாதீர்கள். மட்கார்டை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். காற்றைப் பாதி இறக்குவது குன்றுக்கு நல்லது, ரோட்டில் கனக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான துண்டு ஒன்று, பஞ்சர் சாமான், ஒரு புட்டி தண்ணீர் போதும். காயத்துக்கு மருந்து நான் கொண்டுவருகிறேன். ரயில், பஸ், கட்டணம், கோப்பி எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பது வெள்ளிக்குள் முடிந்தது. காஜா பெராங்கில் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க முயன்று அவமானப்படாதீர்கள்.

நடராஜா அடுத்த முறையும் ஓடுகிறார். எந்த வளைவில் என்னை முந்தப் போகிறார் என்பதை தமிழ் எழுதத் தெரிந்த ஓர் ஆளை வைத்து இப்போதே எழுதி அனுப்பிவிட்டார். நானும் மூன்றாம் பிரிவு மேட்டில் தினமும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் தாராளமாக வாருங்கள். மூன்றாம் இடம் காலியாக இருக்கிறது.